கிளஸ்டர் வாங்குமுன் புரோகிராம் கோடைப் பாருங்கள்

கேள்வி: பில்லிங் மெதுவாக ஓடுகிறது. மூன்று நோடு (சர்வர்) கேலரா கிளஸ்டர், அதாவது ஒரே டேட்டாபேஸை மூன்றிலும் வைத்து ஒன்றாக இயக்கும் அமைப்பு, போட்டால் மூன்று மடங்கு வேகம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. எழுதுவதெல்லாம் மூன்று சர்வரிலும் எழுதப்பட வேண்டும். அதில் மந்தமானது எதுவோ, அதன் வேகம்தான் மொத்தத்துக்கும். எந்தக் கேள்வி மெதுவாக ஓடியது என்று டேட்டாபேஸ் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாகை ஒருமுறையாவது திறந்தீர்களா? டேபிளில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் ஒன்று இல்லை என்பதற்காகச் சர்வர் வாங்காதீர்கள்.

கேள்வி: "கோடில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்" என்று விற்றார்கள். இப்போது கமிட்டில் (பதிவை உறுதிசெய்யும் கட்டத்தில்) 1213 டெட்லாக் பிழை வருகிறது, சில பில் பதிவாவதே இல்லை. பில் எண்ணும் 1, 4, 7 என்று தாவுகிறது. டெவலப்பரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

பதில்: அவரை விடுங்கள். ஏமாற்றியது விற்றவர். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒற்றைச் சர்வரில் ஒருவர் ஸ்டாக் வரியைப் பூட்டினால் அடுத்தவர் காத்திருப்பார். கேலராவில் பூட்டு அந்தந்த நோடோடு சரி. வரியைப் பூட்டும் 'செலக்ட் ஃபார் அப்டேட்' போட்டாலும் பக்கத்து நோடுக்குத் தெரியாது. மோதல் தெரிவதே கமிட்டில்தான்: முந்தியவர் பதிவு நிற்கும், பிந்தியவருக்கு 1213. கமிட் தோற்காது என்று நம்பி எழுதிய கோடு அங்கேதான் பில்லைத் தொலைக்கிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது, எழுதுவதை எல்லாம் ப்ராக்ஸி (நடுவில் நின்று திருப்பிவிடும் மென்பொருள்) வழியாக ஒரே நோடுக்குத் திருப்புவது. பிறகு 1213 வந்தால் கடைசி வரியை மட்டுமல்ல, ஒரு பில்லின் மொத்தப் பதிவான டிரான்சாக்‌ஷனையே தொடக்கத்திலிருந்து மறுபடி ஓட்டும்படி கோடை மாற்றச் சொல்லுங்கள். சிறு இடைவெளி விட்டு மூன்று முறை போதும். எண் தாவுவது கோளாறல்ல. மூன்று நோடும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடாதிருக்க, தானாக எண் தரும் ஆட்டோ இன்கிரிமென்ட் மூன்று மூன்றாக ஏறுகிறது. ஆனால் ஜிஎஸ்டி விதி 46 தொடர் எண் கேட்கிறது. பில் எண்ணுக்குத் தனி கவுன்டர் டேபிள் வையுங்கள். பில் பதிவாகும் அதே டிரான்சாக்‌ஷனில் அதுவும் ஏறட்டும்.

கூடவே பாருங்கள்: பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது) இல்லாத டேபிள், மைஐசாம் என்ற பழைய வகை டேபிள், டேபிளையே பூட்டும் 'லாக் டேபிள்ஸ்' போடும் கோடு. மூன்றும் கேலராவில் ஆகாது. பெரிய டேபிளில் பகல் நேரத்தில் டேபிளின் அமைப்பை மாற்றும் 'ஆல்டர்' ஓட்டினால் கடை முழுக்க நிற்கும்.

கேள்வி: செலவு மிச்சம் என்று இரண்டு நோடு வாங்கினோம். ஒன்றில் கரண்ட் போனதும் மற்றதும் 1047 பிழை காட்டி முடங்கியது.

பதில்: மிஞ்சிய ஒன்று சரிபாதி, பெரும்பான்மை இல்லை. அதனால் வேலை செய்ய மறுக்கிறது. இதே இரண்டு நோடு கணக்கில் பணத்தை விட்டவன் நான், ஆகவே திட்டவில்லை. மூன்றாவதாக ஒரு சின்ன மெஷினில் 'கார்ப்டி' ஆர்பிட்ரேட்டரை ஓட்டுங்கள். டேட்டா வைத்துக்கொள்ளாது, ஓட்டு மட்டும் போடும். அந்த இரண்டும் இருக்கும் அதே யுபிஎஸ்ஸில் அதையும் மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கிளஸ்டர் இருக்கும்போது பேக்கப் எதற்கு?

பதில்: தவறிப்போய் அடித்த, டேபிளையே அழிக்கும் 'டிராப் டேபிள்' எல்லா நோடிலும் ஓடும். அதற்கு.

கேள்வி: ஆரக்கிள் ரேக் (RAC, பல சர்வரில் ஒரே ஆரக்கிள் டேட்டாபேஸை ஓட்டும் வசதி), 16 கோர் இன்டெல் சர்வர் இரண்டு. கொட்டேஷனில் "லைசென்ஸ் தனி" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதிகம் வருமா?

பதில்: போட்ட பிறகா கேட்பது? மொத்தம் 32 கோர், லைசென்ஸுக்கு இன்டெல் கோர் பாதிக் கணக்கு, ஆக 16 பிராசசர். பட்டியல் விலையில் ரேக்குக்கு மட்டும் தலா 23,000 டாலர், 3,68,000 ஆயிற்று. அதற்கு அடியில் இருக்க வேண்டிய ஆரக்கிள் டேட்டாபேஸ் என்டர்பிரைஸ் எடிஷன் தலா 47,500, ஆண்டுதோறும் சப்போர்ட் 22 சதவீதம். ஸ்டாண்டர்ட் எடிஷனில் சமாளிக்கலாம் என்றால், 19சி-யிலிருந்து அதில் ரேக் கிடையாது. ஆர்டரை நிறுத்த முடியுமா என்று இன்றே கேளுங்கள்.