கிள்ளானுக்குப் போகும் ஆலங்குளத்துத் தம்பிக்கு

தம்பி, நீ ஆறு கேள்வி கேட்டிருக்கிறாய். மலேசியாவில் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வேலைக்கு ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா, தங்குமிடம் எப்படி, மாதம் எவ்வளவு மிஞ்சும், மலாய் தெரியாமல் சமாளிக்கலாமா, மனைவியைக் கூட்டிப்போக முடியுமா. கடைசியாக, போகிற போக்கில் ஒன்று: "அங்கே இருக்கிற நம்ம ஆட்கள் நாலு தலைமுறையாகியும் முன்னுக்கு வரவில்லையாம், குடியும் அடிதடியுமாகத் திரிவார்களாம், அவர்களோடு சேராதே என்று ஏஜெண்ட் சொல்கிறார். நிஜமா அண்ணாச்சி?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதையெல்லாம் முதலில் தள்ளிவிடுகிறேன்.

ஒன்றரை லட்சம் கொடுக்காதே. பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பார். "நம்பரெல்லாம் எதுக்குடே, நமக்குள்ள" என்று இழுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடு. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் போய் மலேசியாவை 30 நாள் சுற்றிப் பார்க்கலாம். இப்போது இதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். "முதல்ல ஏறு, பெர்மிட்டை அங்க போய்ப் போட்டுக்கலாம்" என்பார்கள். போட முடியாது. முப்பத்தோராம் நாள் போலீசைக் கண்டால் ஒளிகிறவனாகிவிடுவாய். மனைவியைக் கூட்டிப்போக தொழிலாளர் பெர்மிட்டில் இடமில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025-லிருந்து 1,700 வெள்ளி. ரிங்கிட்டை அங்கே வெள்ளி என்றுதான் சொல்வார்கள். எவ்வளவு மிஞ்சும் என்பது உன் கையில் இருக்கிறது. மலாய் ஆறு மாதத்தில் வந்துவிடும். முக்கூடல் பக்கத்துப் பையன் எனக்கே வந்தது. இன்றைக்கு நான் பேசினால் மலாய்க்காரர்களே எந்த மாநிலத்துக்காரன் என்று கேட்கிறார்கள்.

அப்புறம், பாஸ்போர்ட். முதலாளி அதை வாங்கிப் பூட்டி வைப்பது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். எனக்கு இது தெரிய வந்தபோது நான் போய் இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

1997 ஜூன் மாதம் போனேன். பி.காம் முடித்திருந்தேன். கணக்கு எழுதும் வேலை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். இறங்கிய அன்று மாலையே ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் இடுப்பு உயரத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். பாத்திரம் கழுவும் தொட்டி. முதலாளி நம் ஜில்லாக்காரர். ஊர்ப்பாசம் என்று நம்பித்தான் அம்மா கம்மலை அடகு வைத்தாள். கடை மாடியில் பதினொரு பேர், ஒரு கக்கூஸ். சம்பளம் 450 வெள்ளி, அதிலும் டிக்கெட் செலவு என்று முதல் ஐந்து மாதம் பாதியைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்குப் பதினான்கு ரூபாய்ச் சொச்சம் என்று கணக்குப் போட்டு ஏறியவன் நான். போன அடுத்த மாதமே ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தது. 1998 தை மாதத்தில் அதே வெள்ளி ஒன்பது ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதே தொட்டி, அதே பாத்திரம். அம்மா கைக்குப் போகும் பணம் மட்டும் மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது.

அந்தக் கடையில் எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் என்ன தெரியுமா? இப்போது உன் ஏஜெண்ட் சொல்கிறாரே, அதேதான். "இங்கத்தவங்க கூடச் சேராதே. தோட்டத்துக்காரன். படிக்க மாட்டான், குடிப்பான்." நானும் நம்பினேன். அவர்கள் நம்மை "ஊர்க்காரன்" என்பார்கள். சொல் சாதாரணமானதுதான்; சொல்கிற விதத்தில் இருக்கும், நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவன் என்கிற இளக்காரம். ஆக இரண்டு பக்கமும் சரிக்குச் சரி.

கடைக்குக் காய்கறி இறக்க வரும் லோரி டிரைவர் ஒருவர். தோட்டத்தில் பிறந்தவர், கையில் பச்சை, கழுத்தில் தடிமனான சங்கிலி. ஏஜெண்ட் வர்ணிக்கும் ஆள் அச்சு அசல் அவர்தான். எனக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் மாடியில் கிடந்தபோது, நம் ஜில்லாக்கார முதலாளி மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்தார். லோரிக்கார அண்ணன் என்னைத் தூக்கி முன் சீட்டில் போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டெங்கு. வெளிநாட்டவனுக்கு அங்கே கட்டணம் அதிகம். அதையும் அவர்தான் கட்டினார். திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வச்சுக்க தம்பி, ஊருக்கு அனுப்பு" என்றார். பிற்பாடு என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கித் தந்ததும் அவர்தான். எப்படிக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இவர்கள் யார் என்று கேட்க ஆரம்பித்தேன். இரண்டாம் தடவை 2001-ல் முறையான கணக்கர் வேலைக்குப் போய், 2004-ல் தோட்டத்துப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டேன். நம் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "என்ன ஆட்களோ, எந்தத் தெருவோ" என்றார்கள். சவத்தை விடு.

என் மாமனார் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பால்மரம் வெட்டப் போனார். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கு. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. அவருடைய அப்பாவைச் சிறுபிள்ளையாக அம்பாசமுத்திரம் தாலுகாவிலிருந்து ஒரு கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி, கூட்டிப்போனார். ஒப்பந்தக் கூலி முறையை 1910-ல் ஒழித்த பிறகும் கங்காணி முறை ஓடியது. 1938-ல் இந்திய அரசு ஆள் அனுப்புவதையே தடை செய்தது. போனவர்கள் போனவர்கள்தான்.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். அந்த வீடு, லயத்து வீடு, தோட்டத்தினுடையது. பள்ளிக்கூடம் தோட்டத்தினுடையது. 1923 தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்கச் சொன்னது. வைத்தார்கள், பல இடங்களில் கங்காணியோ, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியோதான் வாத்தியார். கோயில் நிற்கும் மண் தோட்டத்தினுடையது. கள்ளுக்கடையும் தோட்டத்தினுடையதுதான், குடிகாரர்கள் என்று சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலை போனால் இவ்வளவும் ஒரே நாளில் போய்விடும்.

என் வீட்டை யோசித்துப் பார்க்கிறேன். அப்பா இல்லை. அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றினாள். அவர்களைவிட நாங்கள் ஒன்றும் வசதி இல்லை. ஆனால் ஓலைக்கூரையானாலும் பட்டா எங்கள் பெயரில் இருந்தது. 1982-ல் சத்துணவு தொடங்கியபோது நான் இரண்டாம் வகுப்பு. பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து எனக்கு உதவித்தொகை வந்தது. பேருந்து ஏறினால் பாளையங்கோட்டையில் கல்லூரி. நான் கெட்டிக்காரன் என்பதால் பட்டம் வாங்கினேன் என்று இருபது வருடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன் தம்பி. மாமனாரும் கெட்டிக்காரர்தான். எட்டு மரம் தள்ளி நின்றே பட்டை நோயைச் சொல்லிவிடுவார்.

அந்தப் பக்கம் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பாய். 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு 1971-ல் புதிய பொருளாதாரக் கொள்கை என்று கொண்டுவந்தார்கள். மண்ணின் மைந்தர்கள் என்று சொல்லும் மலாய்க்காரர் முதலானவர்களுக்குக் கம்பெனிச் சொத்தில் முப்பது சதவீதம் என்பது ஒரு குறி. இனம் பார்க்காமல் வறுமையை ஒழிப்பது இன்னொன்று. இரண்டாவது, தோட்டத்து வாசலில் நின்றுவிட்டது. தோட்டம் தனியார் நிலம். கிராமத்துக்கு வரும் ரோடும் கரண்டும் குழாயும் அதற்குள் வராது. நிலம் கொடுக்கும் ஃபெல்டா திட்டம் போனது பெரும்பாலும் மலாய்க் குடும்பங்களுக்கு. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று ஆனதும் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்கே கப்பலேறினார்கள். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி வாங்கித் தொழிலாளர்களே தோட்டம் வாங்க வழி செய்தார். மாமனாரின் அப்பா அதில் பங்கு போட்டிருந்தார். நல்ல காரியம்தான், ஆனால் விற்ற தோட்டங்கள் எத்தனை, சங்கம் வாங்கியவை எத்தனை!

மாமனாரின் தோட்டத்தை 1996-ல் வீட்டு மனைக்கு விற்றார்கள். புத்ராஜெயா என்று கண்ணாடிக் கட்டிடமாகப் படம் பார்த்திருப்பாயே, அதுவும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். முப்பத்தாறு வருட வேலைக்கு அவர் கையில் கிடைத்தது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி. அப்போது மிகக் குறைந்த விலை பிளாட்டுக்கே 25,000. நாற்பத்தொன்பது வயதில், வெட்டுக்கத்தியைத் தவிர ஒன்றும் பிடிக்கத் தெரியாத ஆள், ஐந்தாவது மாடியில் குடியேறி, ஒரு கடைத்தெருவில் ராத்திரிக் காவலுக்குப் போனார். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. தோட்டத்தில் பொழுதுபோனால் பிள்ளைகள் திடலில் இருப்பார்கள். பிளாட்டில் படிக்கட்டுக்கு அடியில் இருந்தார்கள். குண்டர் கும்பல் ஆள் பிடித்தது அந்தப் படிக்கட்டில்தான். உன் ஏஜெண்ட் சொல்லும் அடிதடி அங்கே பிறந்தது. இல்லை என்று நான் சொல்லவில்லை. மைத்துனனின் கூட்டாளிகளில் இரண்டு பேர் உயிரோடு இல்லை.

ஆனால் மைத்துனன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, மலாய்க்காக மட்டும் ஒரு வருடம் தனியாக உட்கார்ந்து படித்து, இடைநிலைப்பள்ளி தாண்டி, இன்றைக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான். ஒரு நாள் என்னிடம் அரசாங்கக் கணக்கு ஒன்றைக் காட்டினான். 2019-ல் குடும்ப மாத வருமானத்தின் நடுமதிப்பு: இந்தியர்களுக்கு 5,981 வெள்ளி, நாடு முழுவதற்கும் 5,873, மலாய்க்காரர் முதலான பூமிபுத்திரர்களுக்கு 5,420, சீனர்களுக்கு 7,391. "பாருங்க மச்சான், நாங்க ஒண்ணும் கடைசி இல்ல" என்றான். உண்மைதான். அதே கணக்கில் மறைவதும் உண்டு. பினாங்கு வக்கீலும், யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலப் படிப்போடு ரயில்வேக்கு வந்தவரின் பேரன் டாக்டரும், ராத்திரிக் காவல்காரரும் எல்லாம் ஒரே "இந்தியர்". தோட்டம் போனதால் பெரும்பாலோர் பட்டணத்தில் இருக்கிறார்கள், வாடகையும் பட்டணத்து வாடகை. கம்பெனிச் சொத்தில் இந்தியர் பங்கு இத்தனை வருடத்தில் இரண்டு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மாதச் சம்பளம் வருகிறது, சொத்து சேரவில்லை. பிறப்புப் பத்திரம் பதியாமல் விட்டதால், அங்கேயே பிறந்தும் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரீட்சையும் வங்கிக் கணக்கும் அவர்களுக்கு மதில் சுவர். 2007 நவம்பர் 25-ல் ஹிண்ட்ராஃப் அமைப்பு கூப்பிட்டு, கோலாலம்பூரில் இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் உரிமை கேட்டுத் தெருவில் இறங்கினார்களே, சும்மாவா இறங்கினார்கள்?

எனக்கு ஆகாதவர்கள் வேறு ஒரு கூட்டம். ஐ.டி. கம்பெனிக்கு வந்து, நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடியில் மூன்று வருடம் இருந்துவிட்டு, "லோக்கல் தமிழ் சரியில்லை" என்று முகம் சுளிப்பார்கள். காலையில் "பசியாறிட்டீங்களா" என்று கேட்கிற தமிழில் என்ன குறை கண்டார்களோ. நான் வாழையிலையில் சோறும் தின்பேன், மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் கடையில் ரொட்டி சானாயும் தின்பேன், காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, இல்லாவிட்டால் எனக்கு நாளே ஓடாது. நிரந்தரமாகத் தங்குவதற்கான சிவப்பு அடையாள அட்டை வாங்கப் பன்னிரண்டு வருடம் நடந்தேன், அந்தக் கதை தனி.

இப்போது சுடலைமாடன் கோயில் கொடைக்காக ஊருக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இதே திண்ணையில் 2012-ல் மாமனார் உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்திருந்தார். அவர் அப்பாவின் ஊர் எது என்று தேடி அம்பாசமுத்திரம் பக்கம் நாலைந்து ஊர் சுற்றினோம். கையில் இருந்தது ஒரு குளத்தின் பெயரும் ஒரு சாமியின் பெயரும்தான். அந்தப் பெயரில் குளம் மூன்று இருந்தது. மூன்றாவது ஊரில் ஒரு பாட்டையா, "போனவுக பேரு சொல்லும்" என்றார். இவர் சொன்னார். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். திரும்பும் வழியில் தாமிரபரணியில் இறங்கி முங்கிக் குளித்தார். வண்டியில் ஒன்றும் பேசவில்லை.

இருந்த ஒரு வாரமும் விடிகாலை நாலு மணிக்கே எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு இந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். தோட்டம் போய்ப் பதினாறு வருடம் ஆகியும் பெரட்டு நேரத்துக்கு உடம்பு எழுந்துவிடுகிறது. அம்மாவும் அந்த நேரத்தில்தான் முறத்தை எடுத்துக்கொண்டு வருவாள். ஆயிரம் பீடிக்கு எவ்வளவு, ஒரு கிலோ பாலுக்கு எவ்வளவு, கழிவு என்று எவ்வளவு தள்ளுவார்கள் என்று இரண்டு பேரும் இருட்டில் கணக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் பார்த்தேன், மாமனார் கையில் கத்தரி. இலையை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சம்பந்திக்கு அளவு சரியா வருதுடே" என்றாள் அம்மா.