ஜப்பானிய இயற்கைக் கவிஞர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

கொபயாஷி இஸ்ஸா. ஹைக்கூ என்ற மூன்றடிக் குறுங்கவிதைக்குப் பேர்போன பாஷோவைச் சொல்லாமல் விட்டதற்குச் சிலர் கோபித்துக்கொள்ளலாம். பாஷோவை மதிக்கிறேன், ஒட்டுதல் என்னவோ இஸ்ஸாவிடம்தான்.

அவருடைய இயற்கை ஈ, தெள்ளுப்பூச்சி, தவளை, நத்தை, குருவிக்குஞ்சு என்று தரையோடு தரையாக இருக்கும். ஈயை அடிக்காதே, கையையும் காலையும் தேய்த்துக் கெஞ்சுகிறது பார் என்பார். தவளைச் சண்டையில் இளைத்த தவளையின் பக்கம் சேர்ந்துகொண்டு, தோற்றுவிடாதே, இஸ்ஸா இருக்கிறேன் என்பார். எழுதிய ஹைக்கூக்கள் சுமார் 20,000. சாதாரணமானவையும் அதில் ஏராளம். ஓயாமல் எழுதினால் அப்படித்தான் ஆகும்.

இதை வைத்து அவரைச் சாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1763இல் ஷினானோ மலைநாட்டின் கஷிவபரா கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாய் இறந்தார்; சிற்றன்னையோடு ஒத்துப்போகவில்லை; மீசை அரும்பும் முன்பே எடோ (இன்றைய டோக்கியோ) நகருக்குப் பிழைக்க அனுப்பிவிட்டார்கள். 1801இல் தந்தை இறந்தபின், சொத்தில் பங்கு கேட்டுச் சிற்றன்னையோடும் அவர் மகனோடும் 12 ஆண்டுகள் விடாமல் மல்லுக்கட்டி, 1813இல் பாதி வீட்டை வாங்கினார். தெள்ளுப்பூச்சிக்கு இரங்கியவர் பங்காளிக்கு இரங்கவில்லை.

ஐம்பதைத் தொட்ட பிறகு கிகு என்ற பெண்ணை மணந்தார். பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. 1819இல் பெரியம்மையில் மகள் இறந்தபோது எழுதியதன் சாரம் இது: இந்த உலகம் பனித்துளி உலகம், பனித்துளி உலகம்தான், ஆனாலும்... அங்கேயே கவிதை நின்றுவிடுகிறது. நிலையாமையைப் பிரசங்கமாகக் கேட்டே வளர்ந்த பௌத்தர் அவர். தெரிந்த பாடம்தான், பிள்ளையைப் பறிகொடுத்தவனால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் விட்டாரே, அந்தத் துணிச்சல் எத்தனை கவிஞர்களுக்கு வரும்?

1823இல் கிகுவும் இறந்தார். 1827இல் ஊரில் பற்றிய தீ அவர் வீட்டையும் தின்றது. மிஞ்சிய மண்சுவர்க் களஞ்சியத்தில் குடியேறி, சில மாதங்களில் அங்கேயே காலமானார். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. வீடு எரிந்தபோதும் கிண்டல் போகவில்லை: எரிந்த மண் கதகதப்பாக இருப்பதால் தெள்ளுப்பூச்சிகள் கும்மாளமிடுகின்றனவாம்.

புதிதாகப் படிப்பவர்கள் பொறுக்கியெடுத்த ஹைக்கூத் தொகுப்புகளில் தொடங்க வேண்டாம். அவற்றில் பூச்சிகள் மட்டுமே மிஞ்சும். மகள் இறந்த ஆண்டைப் பற்றி உரைநடையும் கவிதையுமாக அவர் எழுதிய 'ஒரகா ஹரு'வை எடுங்கள். அவர் மறைந்தபின் 1852இல்தான் அச்சேறிய நூல். ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.