பால் சங்கங்களின் ஆரம்பகாலத் துண்டறிக்கைகள், ஆண்டறிக்கைகள் எங்கே கிடைக்கும்? அவற்றில் என்ன இருக்கும்?

நீங்கள் ஆராய்ச்சி மாணவராகத்தான் இருக்க வேண்டும், வேறு யாருக்கு இந்தக் கேள்வி வரும்? ஆண்டறிக்கையை முதலில் தேடாதீர்கள். அது சங்க உறுப்பினர்கள் கூடும் பேரவைக் கூட்டத்தில் வேகமாக வாசித்து, அப்புறம் காராபூந்தி மடிக்கப் போன தாள். துண்டறிக்கையைத் தேடுங்கள்.

அப்பா அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் ஒரு சங்கத்துச் செயலாளர். 1981இல் மாநிலப் பால் கூட்டுறவு இணையம் வந்து, குஜராத்தின் ஆனந்த் மாதிரியில் கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்று மூன்று அடுக்கு ஆன சமயம். வியாபாரிக்குப் படிக்கணக்கில் ஊற்றிப் பழகியவர்களுக்கு, கொழுப்பும் இதர சத்தும் பார்த்து விலை போடுவது பிடிபடவில்லை. அப்பாவே எழுதி, சேலத்தில் அச்சடித்தார். தலைப்பு: 'கொழுப்பு கூடினால் காசு கூடும்'. ஆறாம் வகுப்பில் இருந்த நான்தான் வீடு வீடாகக் கொடுத்தேன். மேலத்தெரு அத்தை என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உங்கப்பனுக்குத்தான்டா கூடிப்போச்சு" என்றார். ஒரு மாதம் ஊர் சிரித்தது.

ஆனால் உள்ளே இருந்தது நல்ல விஷயம். முதலில் இறங்கும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் ஒட்டக் கறப்பதில்தான் அதிகம். எங்கள் ஊரில் அந்தக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிடுவார்கள். சங்கத்தில் ஃபேட் குறையும், 'சொசைட்டிக்காரன் ஏமாத்துறான்' என்று பேச்சு வரும். கன்றின் பங்கை முதலிலேயே கொடுத்துவிட்டு ஒட்டக் கறங்கள் என்று அப்பா எழுதியிருந்தார். அத்தை செய்து பார்த்தார். அவர் அட்டையில் ஃபேட் ஏறியது. அதன்பிறகு தினமும் சோதனை மேசை அருகிலேயே நின்றார். கொழுப்பு பார்க்க, குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். குலுக்கினால் காப்பித்தூள் நிறமாகி, கையில் பிடிக்க முடியாமல் சுடும். அப்பா துண்டில் சுற்றிப் பிடிப்பார். இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி எடுத்ததும் குழாயின் கழுத்தில் நிற்கும் மஞ்சள் கொழுப்பின் அளவை அத்தைதான் முதலில் படிப்பார்.

அப்பா என்பதால் தூக்கிப் பேசுகிறேன் என்பார்கள். சங்கங்களில் தப்பே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லையே. மாதிரிக்கு எடுத்த பால் யார் வீட்டுத் தயிரானது என்று எனக்கும் தெரியும்.

சரி, துணைவிதி, அதாவது சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகள், வேண்டுமென்றால் துணைப் பதிவாளர் (பால்வளம்) அலுவலகத்தில் கேளுங்கள், தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எங்கள் சங்கத்துத் துணைவிதிப் புத்தகத்தை உங்களைப் போல ஒருவர் 'நாளைக்கே தருகிறேன்' என்று வாங்கிப் போய் நான்கு வருடம் ஆகிறது. வரும்போது மே மாதத்தில் மட்டும் வராதீர்கள். கோடை விழாவுக்கு ஏற்காடு ஏறும் கார்கள் அடிவாரத்தை அடைத்துவிடுகின்றன. போன வருடம் எங்கள் பால் வண்டி அதில் சிக்கி இரண்டு கேன் திரிந்தது. அதை யார் கேட்பது?

துண்டறிக்கை ஒன்றுதான் மிச்சம், பின்பக்கம் அம்மாவின் தவிட்டுக் கணக்கோடு. போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். தாளைத் தர மாட்டேன்.