சின்னவள் சாம்பார் அடிப்பிடித்தபோது…

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். நான் இருபது சவரனோடு வந்தேன். போன வருடம் வந்த ஓரகத்தி எண்பது சவரன், ஐ.டி. வேலை. மாமியார் எதற்கெடுத்தாலும் "சின்னவளைப் பார்" என்கிறார். போன வாரம் அவள் வைத்த சாம்பார் அடிப்பிடித்தது. மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நான் கெட்டவளா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கெட்டவளுக்குத் தூக்கம் போயிருக்காது, சகோதரி. ஒன்பது வருடமாக அந்த அடுப்படியில் நிற்கிறீர்கள். உங்கள் கைப்பக்குவத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத வீட்டில், இன்னொருத்தியின் பாத்திரம் தீய்ந்தால்தான் அது உங்களுக்கே நினைவுக்கு வருகிறது. எனக்கு அதுதான் வலிக்கிறது.

சவரன் கணக்கு நீங்கள் இருவரும் தொடங்கியதல்ல. மகனுக்கு வீடும் நிலமும், மகளுக்கு நகை என்றே நம் குடும்பங்கள் ஓடின. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு சட்டம் போட்டது 1989இல். நாடு முழுக்க வந்தது 2005இல்தான். அதுவரை கழுத்தில் கிடந்ததுதான் பெண்ணின் பங்கு, அதை வைத்தே மதிப்பும். உங்கள் மாமியார் வாசற்படி ஏறியபோதும் யாரோ எண்ணியிருப்பார்கள்.

எனக்கும் ஓரகத்தி உண்டு. அவள் படிப்பைச் சொல்லியே ஆறு வருடம் என்னைக் குத்தினார்கள். மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு ராத்திரி, வராந்தா பெஞ்சில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தோம். "அக்கா, உங்களை மாதிரி கோலம் போட வரலைன்னு தினமும் திட்டு வாங்குறேன்" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை. ஆறு வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்று இன்றும் ஆறவில்லை. உங்களுக்கு ஒரு வருடம்தானே ஆகிறது!

மாமியார் ஒப்பிட்டால் "ஆமாம் அத்தை, அவ நல்லாத்தான் செய்றா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். சண்டை வேண்டாம். ஆனால் பிறந்த வீட்டிலிருந்து இன்னும் வாங்கி வா என்று யாராவது கேட்டால் பொறுக்காதீர்கள். 1961ஆம் வருடச் சட்டப்படி வரதட்சணை கேட்பதே குற்றம். கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டாலும்தான். பெண்களுக்கான உதவி எண் 181க்கு அழையுங்கள்.

சின்னவளோடு அடுப்படியில் தனியாக இருக்கும்போது மாமியார் பேச்சை எடுக்காதீர்கள். அடிப்பிடித்தால் கரண்டி போட்டுக் கிளறாமல், மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றிவிடலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.