சப்ளிமேஷன் கலர் மங்குகிறதா? இங்க்கை மாற்றும் முன் துணியைப் பாருங்கள்

கேள்வி: வீட்டிலேயே சப்ளிமேஷன் பிரிண்டிங் (பேப்பரில் அடித்த படத்தைச் சூட்டால் துணியிலும் மக்கிலும் ஏற்றும் முறை) தொடங்கியிருக்கிறேன். பிரிண்டர், ஹீட் பிரஸ், மக் பிரஸ், இங்க், டி-ஷர்ட் எல்லாம் ஒரே டீலரிடம் ‘பேக்கேஜ்’ ஆக வாங்கினேன். பேப்பரில் கலர் வெளிறித் தெரிகிறது. டி-ஷர்ட்டில் ஏற்றினாலும் மங்கல்தான். ஒரே துவைப்பில் பாதி போய்விட்டது. மக்கில் நன்றாக ஏறுகிறது, ஆனால் கறுப்பு மட்டும் பழுப்படிக்கிறது. டீலர் ‘இம்போர்ட்டட் இங்க்’ வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? இன்னும் 40 டி-ஷர்ட் கையில் இருக்கிறது. (வாசகி, ஈரோடு)

பதில்: வாங்காதீர்கள். அதே இங்க் மக்கில் நன்றாக ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இங்க் கெட்டிருந்தால் மக்கும் மங்கியிருக்கும்.

பேப்பரில் வெளிறித் தெரிவது இயல்பு. இந்தச் சாயம் 180 டிகிரிக்கு மேல் சூடாகி, ஆவியாகி, பாலியஸ்டர் இழைக்குள் போன பிறகுதான் தன் முழு நிறத்தைக் காட்டும். பருத்தி நூலில் அது போய் உட்கார இடமில்லை. மேலே ஒட்டி நின்று தண்ணீரோடு போய்விடும். ஒரே துவைப்பில் பாதி போனது என்றால் உங்கள் டி-ஷர்ட்டில் பருத்தி இருக்கிறது என்றே சந்தேகப்பட வேண்டும்.

சோதிப்பது எளிது. உள்பக்கத் துணியிலிருந்து நாலைந்து இழையை உருவி, இடுக்கியால் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் தீக்குச்சி காட்டுங்கள். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி, உருகி, கடுகு போலக் கெட்டியான கறுப்பு உருண்டையாகும். பருத்தி காகிதம் போல எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியும் சாம்பலாகும். சாம்பலுக்குள் நெருடினால் அது கலப்பு நூல்.

இந்தக் கலப்புத் துணியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘பாலி காட்டன், சப்ளிமேஷனுக்கு ஓகே’ என்று சொல்லி விற்பார்கள். 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் பருத்தி என்றால் அந்த 65-இல் மட்டுமே கலர் நிற்கும். பிரஸ்ஸிலிருந்து எடுத்ததும் பார்க்க நன்றாகவே இருக்கும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாக வாங்கிப் போவார். முதல் துவைப்பில் பருத்தியின் மேல் நின்றது கழுவிப்போய், பழைய சட்டை போல ஒரு வெளிறல் மிஞ்சும். அந்தப் பழைய தோற்றமே வேண்டும் என்று கேட்பவருக்குத் தாராளமாக அடித்துக் கொடுங்கள், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. பளிச்சென்று வேண்டுமென்றால் 100 சதவீதம் பாலியஸ்டர், அதுவும் வெள்ளை. இந்த முறையில் வெள்ளை இங்க் கிடையாது; மஞ்சள் துணியில் நீலம் அடித்தால் பச்சைதான் வரும்.

சரியான துணி கிடைத்ததும் முதலில் 5 முதல் 8 விநாடி வெறும் துணியை அழுத்தி ஈரத்தை விரட்டுங்கள். பிறகு 195 முதல் 200 டிகிரி, 50 முதல் 60 விநாடி, நடுத்தர அழுத்தம். நேரம் முடிந்ததும் சூட்டோடு ஒரே இழுப்பில் பேப்பரை எடுத்துவிடுங்கள். பாதியில் நகர்ந்தால் படத்துக்கு நிழல் விழும்.

பிரஸ்ஸின் டிஸ்ப்ளே 200 என்று காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். சென்சார் இருக்கும் இடத்துச் சூடுதான் அது. ஒரே சிவப்புச் சதுரத்தை ஐந்து துண்டாக அடித்து, நடுவில் ஒன்றும் மூலைக்கு ஒன்றுமாகப் பாலியஸ்டர் துண்டுத்துணியில் வைத்து ஒரே தடவையில் அழுத்துங்கள். மூலையில் வெளிறினால் பிளேட் சீராகச் சூடாகவில்லை, அல்லது அழுத்தம் சாய்ந்திருக்கிறது.

மக்கில் கறுப்பு பழுப்பாவது பெரும்பாலும் சூடு கூடிப்போனதன் அடையாளம். 180 டிகிரி, 150 விநாடியில் தொடங்குங்கள். அப்போதும் பழுப்படித்தால் 10 விநாடி குறையுங்கள். வெளிறினால் 10 விநாடி கூட்டுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முடிந்ததும் பேப்பரை உடனே உரியுங்கள், மக்கில் மிஞ்சிய சூட்டிலும் சாயம் வெந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு செய்தும் பழுப்பு போகவில்லையென்றால் கலர் புரொஃபைலைப் பாருங்கள். எந்த நிறத்துக்கு எவ்வளவு இங்க் என்று சொல்லும் ஃபைல் அது; ஐசிசி ஃபைல் என்பார்கள். பிரிண்டர், இங்க், பேப்பர் மூன்றுக்கும் பொருந்தியதை டீலர்தான் தர வேண்டும். பாட்டிலில் தயாரிப்புத் தேதி இல்லை, பெட்டியில் வெப்பநிலைக் குறிப்பு இல்லை, புரொஃபைல் கேட்டால் ‘அதெல்லாம் தேவையில்லை மேடம்’ என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு இந்த அடிப்படையைக்கூடத் தராமல் விற்பதை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? ஃபைல் கிடைத்ததும் டிசைன் மென்பொருளில் அதைப் போட்டு, பிரிண்டர் டிரைவரில் கலர் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து திருத்தினால் தோல் நிறம் ஆரஞ்சாகிவிடும். பேப்பர் வகை மேட், தரம் ஹை.

உங்கள் பிரிண்டரையும் ஒருமுறை பாருங்கள். ஹெச்பி, கேனான் வீட்டு மாடல்கள் இங்க்கைச் சூடாக்கித் தெளிப்பவை, இந்த வேலைக்கு ஆகாது. எப்சன் அழுத்தத்தால் தெளிப்பது. ஆனால் சாதாரண இங்க் ஓடிய பழைய எப்சனைக் கழுவி, புதிது போலத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. குழாயில் மிஞ்சிய சாதாரண இங்க் கலரைக் கெடுக்கும். வேறு இங்க் ஊற்றினால் வாரண்டி சிக்கலாகும் என்பதையும் விற்கும்போது வாய் திறந்து சொல்வதில்லை. பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். பில் இல்லாமல் இனி ஒரு பாட்டில்கூட வாங்காதீர்கள்.

அந்த 40 டி-ஷர்ட்டும் தீச்சோதனையில் பருத்தி என்று தெரிந்தால் டிடிஎஃப் ஷீட்டுக்கு (படத்தை ஃபிலிமில் அடித்து, சூட்டால் துணியில் ஒட்டும் முறை) வைத்துக்கொள்ளுங்கள். ஈரோடு, திருப்பூரில் உங்கள் டிசைனை மீட்டர் கணக்கில் அடித்துத் தருவார்கள். உங்கள் ஹீட் பிரஸ்ஸிலேயே 150 முதல் 160 டிகிரியில் ஒட்டலாம். உரிப்பது சூட்டிலா, ஆறிய பிறகா என்பதை ஷீட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.