கேள்வி பதில்: ஒழுங்கைக்குள் வராத ஃபைபர்

கேள்வி: பிரதான வீதிவரை ஃபைபர் இணையக் கேபிள் வந்துவிட்டது. அரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்கள் ஒழுங்கைக்கு மட்டும் தரமாட்டோம் என்கிறார்கள். ஏன்?
(வாசகர், கிண்ணியா)

பதில்: தூரம் காரணமல்ல. வழக்கமான ஜீபொன் (ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஃபைபர்) முறையில் 20 கிலோமீட்டர்வரை இணைப்புத் தரலாம். நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையை ஸ்பிளிட்டர் என்ற ஒளி பிரிக்கும் கருவி வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். கம்பம், கேபிள், பெட்டி, இழை ஒட்டும் கூலி எல்லாம் 5 வீடு எடுத்தாலும் 30 வீடு எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். 5 வீட்டுக் கட்டணத்தில் போட்ட முதலீடு திரும்பி வர நீண்ட காலம் எடுக்கும். கருவிகள் டொலரில் வருபவை; 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360வரை ஏறியபின் இந்தக் கணக்கு இன்னும் இறுகிவிட்டது.

ஆளுக்கொரு விண்ணப்பமாகப் போடாதீர்கள். இணைப்பு எடுக்க உறுதியாகச் சம்மதிக்கும் வீடுகளின் பெயர், முகவரி, கிட்டிய கம்பத்தின் இலக்கம் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, பிராந்திய அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்ட திகதி முத்திரை வாங்குங்கள். 15 வீடு சேர்ந்தால் பேச்சே வேறு.

கேள்வி: கடல் தொழில் வீடு. மாத பில் கட்ட முடியாமல் சின்னச் சின்னதாக ரீலோட் போடுகிறோம். நட்டமா?
(வாசகி, உப்புவெளி)

பதில்: ஒரு ஜீபி விலையைப் பார்த்தால் நட்டம்தான். ஆனால் மாரியில் கடல் கொந்தளித்தால் தொழில் நின்றுவிடும், மாத பில் நிற்காது. ஐ.நா.வின் அகலப்பட்டை ஆணைக்குழு, அடிப்படை இணையச் செலவு தலா தேசிய வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்கிறது. அது நாட்டுச் சராசரி. உங்கள் வீட்டுக்கு 50,000 ரூபாய் வந்தால் 2 சதவீதம் 1,000 ரூபாய்தான்.

ஒரு மாதம் போட்ட ரீலோட் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக் கூட்டுங்கள். அதை 18 சதவீத வற் உட்பட எல்லா வரியும் சேர்ந்த மாத பில்லோடு ஒப்பிடுங்கள். விளம்பரத் தொகையோடு அல்ல. இரண்டு பிள்ளைகள் ஒன்லைன் வகுப்பில் இருந்தால் பெரும்பாலும் மாத இணைப்பே மலிவு. அப்போதும் ஒப்பந்தக் காலம் இல்லாத பிரீபெய்ட் ரௌட்டரைத்தான் எடுங்கள். தொழில் இல்லாத மாதங்களில் அபராதமின்றி இணைப்பை நிறுத்திவைக்க நிறுவனங்கள் இடம் கொடுத்தால், கரையோரத்தில் எத்தனையோ வீடுகள் துணிந்து எடுக்கும்.

கேள்வி: இரவு 8 மணிக்கு 4ஜி ஊர்கிறது. ரௌட்டர் பழுதா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: காலை 6 மணிக்கு வேகத்தைப் பாருங்கள். அப்போது நன்றாக இருந்தால் இரவில் கோபுரத்தில் நெரிசல். புது ரௌட்டருக்குக் காசு கொட்டாதீர்கள். காலையிலும் மந்தமென்றால் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற சிக்னல் பலத்தைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். -90க்கு அருகில் இருந்தால் நல்லது. -110 என்றால் ரௌட்டரைக் கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றுங்கள்.