வாசகர் கேள்வி பதில்: ஆய்வுக்கூடத்தில் கடவுளும் கேலியும்

கேள்வி: நான் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன், நாள்தோறும் வழிபடுபவள். வாராந்திரக் குழுக் கூட்டத்தில் லேசர் சரியாக இயங்கவில்லை என்று யாராவது சொன்னால், எங்கள் நெறியாளர் என் பக்கம் திரும்பி, “மேலிடத்தில் செல்வாக்கு உள்ளவர் நம்மிடமே இருக்கிறாரே, அவரை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துவைப்பேன். மற்றபடி அவர் என் ஆய்வில் மிகுந்த அக்கறை உள்ளவர். நான்தான் இதைப் பெரிதுபடுத்துகிறேனா? இறைநம்பிக்கை உள்ளவர் அறிவியலில் இருப்பதே முரண்பாடா?

பதில்: நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனெனில் அதற்கு அறிவியலின் வரலாறே விடை சொல்லிவிட்டது. பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதைச் சமன்பாடுகளின் வழியே விளக்கி 1927-இல் கட்டுரை வெளியிட்ட ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1979-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இஸ்லாமிய நம்பிக்கை உடையவர். ஸ்டீவன் வைன்பர்க் வெளிப்படையான நாத்திகர். மின்காந்த விசையையும், அணுக்கருவின் கதிரியக்கச் சிதைவுக்குக் காரணமான மென்விசையையும் இணைக்கும் ஒரே கோட்பாட்டை இருவரும் தனித்தனியே வந்தடைந்தார்கள். ஆகவே முரண்பாடு என்ற எண்ணத்தை நீங்கள் தாராளமாக விட்டுவிடலாம்.

கேலிக்கு வருவோம். உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர், ஆய்வேட்டை எப்போது சமர்ப்பிக்கலாம் என்று முடிவு செய்பவர், கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று தீர்மானிப்பவர் ஒருவர் உங்களைக் கேலி செய்யும்போது, நீங்கள் அதே தொனியில் திருப்பிச் சொல்ல முடியாது. உங்கள் சிரிப்பைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். அது சம்மதம் அன்று, வேறு வழியின்மை. இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. உங்கள் தரவுகளைப் பற்றிப் பேச வேண்டிய மேசையில் நீங்கள் வாரந்தோறும் “பக்தி உள்ளவர்” என்று அறிமுகமாகிக்கொண்டிருக்கிறீர்கள். நாளை எதிர்பாராத ஒரு முடிவை நீங்கள் முன்வைத்தால், அளவீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, இவர் எதையும் நம்பிவிடுகிறவர் என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஓர் ஆய்வாளருக்கு இது சிறிய இழப்பு அல்ல.

அவர் அக்கறை உள்ளவர் என்று நீங்களே சொல்வதால், தனியாகச் சந்தித்து நேரடியாகச் சொல்லுங்கள்: “சார், லேசரைப் பற்றிப் பேசும்போது என் வழிபாட்டைக் குறிப்பிடுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது; தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள்.” இவ்வளவு போதும். உங்கள் நம்பிக்கைக்கு விளக்கம் தரவோ மன்னிப்புக் கேட்கவோ தேவையில்லை. கூட்டத்தின் நடுவில் சொல்லாதீர்கள். பலர் முன்னிலையில் தம் பேச்சை நியாயப்படுத்தத்தான் எவருக்கும் முதலில் தோன்றும். பிறகும் தொடர்ந்தால், நாளையும் சொன்ன வார்த்தைகளையும் குறித்துவைத்துக்கொண்டு, உங்கள் ஆய்வுக்குழுவில் உள்ள மற்றொரு மூத்தவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: நான் உயிரியல் ஆய்வாளன்; கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இயற்பியலாளர்கள் ஐன்ஸ்டைனும் நீல்ஸ் போரும் கடவுளை வைத்துப் பேசிக்கொண்டதை இன்றும் ரசிக்கிறோம். இப்போது அப்படி ஒரு வார்த்தை சொன்னாலும் யார் மனம் புண்படுமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. எதையும் கேள்வி கேட்கும் துறையில் நகைச்சுவைக்கு மட்டும் வேலி போடலாமா?

பதில்: கருத்துகளைப் பற்றிய நகைச்சுவைக்கு வேலி வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். கடவுள் பகடை ஆடுவதில்லை, அதாவது இயற்கை வெறும் தற்செயலால் இயங்குவதில்லை என்ற தம் எண்ணத்தை ஐன்ஸ்டைன் 1926 டிசம்பரில் இயற்பியலாளர் மாக்ஸ் பார்னுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே இயற்பியல் மாநாட்டிலும் அதே வினாவை எழுப்பினார். இறைவனுக்கு அன்றாட மொழியில் குணங்களை ஏற்றிச் சொல்வதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று பண்டைய சிந்தனையாளர்களே சொல்லியிருக்கிறார்களே என்று தாம் மறுமொழி கூறியதை நீல்ஸ் போர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். அங்கே விவாதப் பொருள் இயற்கையின் ஒழுங்கு; கேலிக்கு ஆளான மனிதர் எவரும் இல்லை. உங்கள் துறையிலேயே ஜே.பி.எஸ். ஹால்டேன் இருக்கிறார். படைத்தவன் ஒருவன் இருந்தால் அவனுக்கு நட்சத்திரங்கள் மீதும் வண்டுகள் மீதும் தனிப் பிரியம் இருந்திருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். இதுவரை பெயரிடப்பட்ட வண்டினங்கள் மட்டும் ஏறத்தாழ 4,00,000 என்பதை அறிந்த எந்தப் பூச்சியியலாளரும், அவர் நாள்தோறும் வழிபடுபவராக இருந்தாலும், இதைக் கேட்டு மனம்விட்டுச் சிரிக்கலாம்.

ஆயினும் இத்தகைய நகைச்சுவைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது அதே 1927 மாநாட்டின்போது பிறந்தது. இளம் இயற்பியலாளர்கள் சிலர் ஒரு மாலையில் விடுதியின் கூடத்தில் அமர்ந்து மதத்தைப் பற்றி விவாதித்தார்கள். 25 வயதான பால் டிராக், மதம் என்பது பொய்யான கூற்றுகளின் குவியல் என்று நெடுநேரம் காரசாரமாகப் பேசினார். கத்தோலிக்கராக வளர்க்கப்பட்ட வுல்ஃப்காங் பவுலி பெரும்பாலும் பேசாமலே இருந்தார். உங்கள் கருத்து என்ன என்று அவரைக் கேட்டபோது, நம் நண்பர் டிராக்கிற்கும் ஒரு மதம் உண்டு, “கடவுள் இல்லை, டிராக்கே அவருடைய தூதர்” என்பதுதான் அதன் கொள்கை என்றார். எல்லோரும் சிரித்தார்கள், டிராக்கும் சிரித்தார் என்று அங்கிருந்த ஹைசன்பர்க் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

இந்தக் கேலி ஏன் ஒருவரையும் காயப்படுத்தவில்லை என்று பாருங்கள். இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர், ஒரே தரத்தினர். கேலிக்கு இலக்கானது டிராக் அந்த நிமிடம் வரை தாமாகவே முன்வைத்துக்கொண்டிருந்த வாதமும் அதில் அவர் காட்டிய வேகமும்தான். அவர் விரும்பியிருந்தால் உடனே பதிலடி கொடுத்திருக்கலாம், அதனால் அவருக்கு எந்த இழப்பும் வந்திருக்காது. இதே வாக்கியத்தைப் பவுலி தாம் மதிப்பெண் போடவேண்டிய ஒரு மாணவரைப் பார்த்துச் சொல்லியிருந்தால், நாம் இன்று அதை ரசித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆகவே, பரிணாமத்தை மறுக்கும் வாதம் ஒன்று கருத்தரங்குக்கு வந்தால் அதைச் சான்றுகளோடு கிழித்தெறியுங்கள், நையாண்டியும் செய்யுங்கள். உங்கள் பக்கத்து மேசைக்காரர் நோன்பு இருப்பதும், தலையில் துணி அணிவதும், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எழுந்து சென்று தொழுதுவிட்டு வருவதும் அவர் உங்கள் ஆய்வுக்கு முன்வைத்த கருதுகோள்கள் அல்ல. அவற்றை மதிப்பிடும்படி அவர் உங்களைக் கேட்கவில்லை.

கேள்வி: ஹிக்ஸ் போஸான் என்ற அடிப்படைத் துகளைக் “கடவுள் துகள்” என்று அழைப்பதை, அதை முன்கணித்த இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் விரும்பினாரா?

பதில்: விரும்பவில்லை. அந்தப் பெயர், நோபல் பரிசு பெற்ற லியான் லெடர்மன் 1993-இல் வெளியிட்ட ஒரு நூலின் தலைப்பிலிருந்து பரவியது. ஹிக்ஸ் நாத்திகர், எனினும், இப்படிப் பெயர் வைத்து விளையாடுவது மத நம்பிக்கை உள்ளவர்களைத் தேவையில்லாமல் புண்படுத்தக்கூடும் என்று அவர் தயக்கத்தோடு சொன்னதுண்டு. தமக்கு இல்லாத நம்பிக்கைக்காக, தம் புகழோடு ஒட்டிக்கொண்ட ஒரு பெயரைப் பற்றி அவர் இப்படிக் கவலைப்பட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: பல மதத்தவரும் எம்மதமும் சாராதவரும் சேர்ந்து பணியாற்றும் ஓர் ஆய்வகத்துக்கு நான் பொறுப்பாளர். மதம் தொடர்பான நகைச்சுவையை முழுவதுமாகத் தடை செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். தடை செய்தால் கேலி நின்றுவிடாது. கைப்பேசிக் குழுக்களுக்குள் போய்விடும். அங்கே கேலிக்கு ஆளானவரால் அதைப் பார்க்கக்கூட முடியாது. அதைவிட, நீங்கள் முதலில் அத்தகைய கேலியில் கலந்துகொள்ளாதிருங்கள். வேறொருவர் கூட்டத்தில் அப்படிப் பேசினால், “அது இருக்கட்டும், அளவீட்டுக்கு வருவோம்” என்று அமைதியாகப் பேச்சைத் திருப்புங்கள். பொறுப்பாளர் சிரிக்கவில்லை என்பதை ஆய்வகத்தில் உள்ள ஒவ்வொருவரும் கவனிப்பார்கள். முக்கியமான கூட்டத்தை ஒருவரின் புனித நாளில் வைக்காமலிருப்பதும், வழிபாட்டில் கலந்துகொள்ளாதவரிடம் காரணம் கேட்காமலிருப்பதும் இதைப் போலவே உங்கள் கையில்தான் இருக்கின்றன.

பணியிடமே கேலியின் மேடையாகிவிட்டால் நிலைமை வேறு. அங்கே நீங்கள் கண்டிப்பாகத் தலையிட வேண்டும். ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வு மையத்தின் வளாகத்தில் 2 மீட்டர் உயரமுள்ள நடராசர் சிலை ஒன்று இருக்கிறது; இந்தியா 2004-இல் நல்லெண்ண அடையாளமாக வழங்கியது. 2016 ஆகஸ்டில், நள்ளிரவில் அந்தச் சிலைக்கு முன்னால் அங்கி அணிந்த சிலர் நரபலி கொடுப்பதுபோல நடித்த ஒரு காணொளி வெளியானது. செர்ன் நிர்வாகம் அதைக் கண்டித்து உள்விசாரணையைத் தொடங்கியது. வளாகத்துக்குள் வர அனுமதி உள்ள அறிவியலாளர்கள் சில வேளைகளில் நகைச்சுவையில் எல்லை மீறிவிடுகிறார்கள் என்றும் தெரிவித்தது. செய்தவர்களுக்கு அது ஓர் இரவு விளையாட்டாக இருந்திருக்கலாம். ஆனால் கோடிக்கணக்கானவர்கள் வணங்கும் ஓர் உருவம் அவர்களின் அனுமதியில்லாமல் அதில் இழுக்கப்பட்டது. அந்த ஆய்வு மையத்தைப் பற்றி ஏற்கெனவே வதந்தி பரப்பிக்கொண்டிருந்தவர்களுக்கும் அது புதிய தீனியாயிற்று.

கேள்வி: எங்கள் துறையில் நிலைமை நேர்மாறானது. பெரும்பாலோர் நம்பிக்கையாளர்கள். நான் நம்பாதவன் என்று தெரிந்த பிறகு, “நரகத்தில் உனக்கு இடம் பதிவாகிவிட்டது” என்று இடைவேளையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் முறையிடலாமா?

பதில்: தாராளமாக முறையிடலாம். முதல் கேள்வி கேட்டவருக்கு எந்த அளவுகோலோ, அதுவேதான் உங்களுக்கும். எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருப்பவர்களுக்குத் தங்கள் கேலியின் கனம் தெரிவதில்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

இயற்பியலாளர் மைக்கேல் ஃபாரடே, சாண்டமேனியர் என்ற சிறிய கிறித்தவப் பிரிவில் மூப்பராகவும் இருந்தவர். 1853-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியராகச் சேர்ந்த ஜான் டிண்டல் அந்த நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளாதவர். 1874-இல் பெல்ஃபாஸ்டில் ஆற்றிய உரையால் மத குருமார்களின் கடும் கண்டனத்துக்கு ஆளானவர். ஃபாரடே 1867-இல் மறையும்வரை இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள். ஒருமுறை ஃபாரடேயின் வீட்டில் உணவருந்தியபோது ஃபாரடே சொன்ன வேண்டுதலைப் பற்றி டிண்டல் குறித்து வைத்திருக்கிறார்: முழு நம்பிக்கையோடு தந்தையிடம் கேட்கும் ஒரு மகனின் விண்ணப்பமாக அது டிண்டலுக்குத் தோன்றியது. அந்த மேசையில் ஒருவர் வேண்டினார், மற்றவர் வேண்டவில்லை. எவரும் எவரையும் தம் பக்கம் இழுக்கவில்லை.

உங்களோடு இடைவேளையில் அமர்பவர்களில் மிக நெருக்கமான ஒருவரிடம் முதலில் பேசுங்கள். நீங்கள் அவர்களுடைய நம்பிக்கையை மறுத்துப் பேசியதில்லை என்பதையும், இந்தக் கேலி உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் சிரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அப்படியும் ஓயவில்லை என்றால், துறைத் தலைவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.